வீதி எவர்க்குரியது?

தீவகத்தின் வீதிகள் அகலிக்கப்பட வேண்டும், காப்பற் இடப்பட வேண்டும், அது நிறைவேறின் அபிவிருத்தி வந்துவிட்டதாகும் என்பது நம்மிடையே மறுப்பின்றி நிலவுங் கருத்து. மேடையிற் பேசுவோரும் மனு எழுதுவோரும் இதனையே வேண்டுகின்றனர். குண்டுங் குழியுமான வீதியை எவரும் விரும்பார், யானும் விரும்பேன். ஆயின், செப்பனிடப்படும் வீதி எவருக்காகச் செப்பனிடப்படுகின்றது என்று கேட்போர் மிகச் சிலரே.

யாழ்ப்பாணம் பண்ணையிலிருந்து மண்டைதீவுச் சந்தி, அல்லைப்பிட்டி, வேலணை, புங்குடுதீவு வழியாகக் குறிகாட்டுவான் இறங்குதுறைக்குச் செல்லும் வீதியை எடுத்துக்கொள்வோம். பாடசாலை செல்லும் மாணவியும், வலையொடு துறைக்குச் செல்லும் மீனவரும், கூலிவேலைக்குச் செல்வோரும் துவிச்சக்கர வண்டியிற் பயணஞ்செய்யும் வீதி அது. 2009இல் யுத்தம் முடிவுற்றபின் நயினாதீவு நாகபூசணி அம்மன் கோயிலுக்கும் நாகவிகாரைக்கும் நாட்டின் நாலாபுறத்திலிருந்தும் யாத்திரிகர் வரலாயினர். அவர்கள் வருவது நன்றே. வழிபட வருபவர்மீது நமக்கு வழக்கில்லை. அவர்களை ஏற்றிவரும் பாரிய பேருந்துகளின் வேகத்தின்மீதே வழக்கு.

சோளகம் வீசும் மாதங்களில் தாம்போதியின்மேல் வண்டி மிதித்தவர் அறிவர். அங்கே மரமில்லை, மதிலில்லை, இருமருங்கும் பரவைக்கடல். காற்றை எதிர்த்து மிதிப்பவரின் வண்டி நேர்கோட்டிற் செல்வதில்லை. இப்புறமும் அப்புறமும் அலைந்தே செல்லும். அவ்வேளை பேருந்தொன்று அருகே விரைந்து கடக்குமாயின் ஒரு கணங் காற்று மறைக்கப்படுகின்றது. மறுகணம் முன்னிலும் வலிதாக அறைகின்றது. ஓரத்துக்கு ஒதுங்கலாமே என்பர். எவ்வோரத்துக்கு? படைமேற் படையாகத் தார் இட்டு நடுவீதி உயர்த்தப்படுமிடத்து, கிரவல் ஓரமும் உடன் உயர்த்தப்படாவிடின் இரண்டுக்குமிடையே ஒரு படி உண்டாகின்றது. கார்ச் சில்லு அதனை உணராது. துவிச்சக்கர வண்டியின் மெல்லிய சில்லு அப்படியில் வழுக்கினால், வீழ்வது பெரும்பாலும் வீதியின் பக்கமே. செப்பனிட்ட வீதி செப்பமிலாத வீதியினும் கொடியதாகும் விந்தை இவ்வாறு நிகழ்கின்றது. முன்னர்க் குழிகளே வேகத்தை அடக்கிவைத்திருந்தன.

இவ்வண்டிக்கு நாம் பட்ட கடன் சிறிதன்று. 1990இல் யாழ்ப்பாணக் குடாநாட்டின்மீது பொருளாதாரத் தடை விதிக்கப்பட்டு எரிபொருள் அரிதானபோது, விறகும் நெல்லும் நோயாளரும் பிணமுங்கூட இதன்மீதே சென்றன. மின்சாரமிலா இரவுகளில் வானொலி கேட்க அதன் டைனமோவே உதவிற்று. 2022இல் நாடு முழுவதும் எரிபொருளுக்காக வரிசையில் நின்ற வேளையிற் கொழும்புக் கனவான்களும் துவிச்சக்கர வண்டி தேடி அலைந்ததை மறந்திருக்கமாட்டோம். வரிசைகள் மறைந்தன, வண்டியும் மறக்கப்பட்டது. இடர்வந்தாற் கைகொடுக்கும் வாகனத்துக்கு இடர்நீங்கியபின் வீதியில் ஒரு முழ இடமும் இல்லை.

விபத்து நேர்ந்தவுடன் என்ன நிகழ்கின்றது? பாடசாலைகளில் வீதி ஒழுங்கு குறித்துச் சொற்பொழிவு நிகழ்கின்றது. இரவில் விளக்கின்றிச் செல்வோரும் இருவர் மூவராய்ச் சமாந்தரமாய்ச் செல்வோரும் உளர்; அது தவறே. ஆயின் மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்திற் செல்லும் வாகனத்தின் இயக்கச் சக்தி 30 கிலோமீற்றரிற் செல்வதன் இயக்கச் சக்தியினும் நான்கு மடங்கு. இக்கணக்கை மாணவியின் ஒழுக்கம் மாற்றிவிடாது. வீதிப் பொறியியலில் இன்னொரு கணக்குண்டு. போக்குவரத்தை அளக்குங்கால் எல்லா வாகனங்களும் கார் என்னும் அலகுக்கு மாற்றப்படுகின்றன. அதிலே துவிச்சக்கர வண்டி ஒரு பின்னமாகவே எண்ணப்படும். அது பிடிக்கும் இடத்தை அளக்க அம்முறை பொருந்தும். அதனை ஓட்டுபவரின் உயிரையும் அப்பின்னத்தால் மதிப்பிடுவதே நம்மவர் செய்யும் பிழை.

ஒல்லாந்தர் நம் தீவுகளுக்குத் தம் நகரங்களின் பெயரை இட்டனர். வேலணை லெய்டன் ஆயிற்று. நயினாதீவு ஹார்லெம் ஆயிற்று. நெடுந்தீவு டெல்வ்ற் ஆயிற்று, ஆங்கிலத்தில் இன்றும் அதுவே. அந்த மூல டெல்வ்ற் நகரம் செய்ததைக் கேளுங்கள். 1960களின் இறுதியில் அங்கே குடியிருப்புத் தெருக்களை வாகனத்துக்கன்றி அங்கு வாழ்வோருக்கும் விளையாடுஞ் சிறுவருக்கும் உரியனவாக மாற்றியமைக்கத் தொடங்கினர். 1976இல் நெதர்லாந்துச் சட்டம் அதனை ஏற்றது. 1980களில் அதே நகரம் துவிச்சக்கர வண்டிகளுக்கெனத் தொடர்ச்சியான பாதை வலையமைப்பொன்றை அமைத்தது. இது அந்நாட்டாரின் பிறவிக்குணமன்று. 1971இல் அங்கு வீதி விபத்துகளில் 3,000க்கு மேற்பட்டோர் இறந்தனர். அவர்களுள் 400க்கு மேற்பட்டோர் சிறுவர். சிறுவர் கொலையை நிறுத்து என்று பெற்றோர் தெருவில் இறங்கிய பின்னரே அரசு அசைந்தது.

அவர்கள் செல்வந்தர், நமது தாம்போதிகளோ ஒடுங்கியவை என்று மறுப்பர். ஒடுங்கிய நாட்டுப்புற வீதிகள் அங்கும் உள. அவற்றில் நடுக்கோட்டை நீக்கி, இருமருங்கும் துவிச்சக்கர வண்டிக்கென நிறம் வேறுபட்ட பட்டை தீட்டி, எதிரெதிர் வரும் வாகனங்கள் வேகந்தணிந்து பார்த்து விலகுமாறு செய்துள்ளனர். இதற்கு வேண்டுவது பெருநிதியன்று. ஓரத்தை நடுவீதியோடு மட்டமாக்குதலும், சந்திகளிலும் பாடசாலை வாயில்களிலும் வேகத்தடை இட்டு அதன் அருகே சைக்கிள் செல்ல இடைவெளி விடுதலும் அத்தகையனவே. மக்களும் வாகனங்களுங் கலந்து பயணிக்குமிடங்களில் 30 கிலோமீற்றரே உச்சவேகமாக இருத்தல் வேண்டுமென 2020இல் ஸ்ரொக்ஹோம் பிரகடனம் கூறியது.

நெடுந்தீவுக்கோ பாலமில்லை, வெளியூர்ப் பேருந்து அங்கு புகாது. கற்பவள மதில்களிடையே செல்லும் அத்தீவின் ஒழுங்கைகளை அகலிக்கும் ஆசை எழுமுன்னரே, அவை நடப்போருக்கும் சைக்கிளிற் செல்வோருக்கும் முதலுரிமை உடையன எனப் பிரதேச சபை தீர்மானிக்கலாம். பெரு வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபையின் பொறுப்பு. ஒழுங்கைகள் பிரதேச சபையின் பொறுப்பு. ஒருவரை ஒருவர் காட்டித் தப்பும் வழக்கம் இங்கே செல்லாது. பொறியியல் பயிலும் நம் மாணவரும் தம் ஆய்வுக்குத் தொலைதூர நகரங்களை நாடாது, ஒரு முழுநாள் பண்ணையில் நின்று எத்தனை துவிச்சக்கர வண்டிகள் கடக்கின்றன என எண்ணிக் கொணர்வாராக.

வேகத்தைக் குறைத்தாற் பயணம் தாமதமாகும் என்பதே எஞ்சி நிற்கும் வாதம். ஒரு கிலோமீற்றரை 60 கிலோமீற்றர் வேகத்திற் கடக்க ஒரு நிமிடம்; 30 கிலோமீற்றர் வேகத்திற் கடக்க இரண்டு. கிலோமீற்றருக்கு ஒரு நிமிடமாக மிச்சப்படுத்தி விரைந்த பேருந்தின் பயணிகள் குறிகாட்டுவானில் இறங்கி, அடுத்த படகு வரும்வரை வரிசையில் நிற்கின்றனர்.