மீன் தொட்டியைக் கழுவாதீர்கள்

வீட்டில் கண்ணாடித் தொட்டி வைத்து மீன் வளர்ப்பவர்கள் நம் பெரிய முதலியார்சாவடிப் பக்கம் இரண்டு கட்சி. மாதம் ஒருமுறை தண்ணீரை முழுக்கக் கொட்டி, கல்லையும் ஃபில்டர் ஸ்பாஞ்சையும் சோப்புப் போட்டுக் கழுவுவது ஒரு கட்சி. குறைந்த அளவுக்கு மேலே இரண்டு செம்பு ஊற்றிவிட்டு வருஷக்கணக்கில் அப்படியே விடுவது இன்னொரு கட்சி. மீன் செத்தால் இருவரும் திட்டுவது மட்டும் ஒரே ஆளை: கொளத்தூரிலிருந்து மீன் வாங்கி வந்து விற்ற கடைக்காரரை.

முதல் கட்சிக்குச் சொல்கிறேன். மீனின் கழிவிலிருந்தும் மிஞ்சிய தீனியிலிருந்தும் அம்மோனியா உண்டாகிறது. அது விஷம். கல்லிலும் ஸ்பாஞ்சிலும் குடியிருக்கும் பாக்டீரியாக்கள் அதை நைட்ரைட்டாக மாற்றுகின்றன. அதுவும் விஷம்தான். வேறு சில பாக்டீரியாக்கள் அதை நைட்ரேட்டாக்கிய பிறகுதான் மீனுக்கு நிம்மதி. இந்தக் குடித்தனம் நிலைகொள்ள நாலு முதல் ஆறு வாரம் ஆகும். சோப்பும், பிளீச்சிங் பவுடர் கலந்த குழாய்த் தண்ணீரும் அதை ஒரே நாளில் காலி செய்துவிடும். தொட்டி பளபளக்கும், சில நாளில் மீன் மிதக்கும்.

இரண்டாவது கட்சிக்கு மரக்காணம் உப்பளமே பாடம். பாத்தியில் தண்ணீர் விடுகிறார்கள். வெயில் தண்ணீரைக் கொண்டுபோகிறது, உப்பு தங்குகிறது. உங்கள் தொட்டியிலும் அதுதான் நடக்கிறது. கடலோரத்தில் கரிக்கிற போர் தண்ணீரை மேலே மேலே ஊற்றினால் அது மீன் தொட்டி இல்லை, உப்புப் பாத்தி. பிரெஞ்சுப் பள்ளியில் எங்களுக்கு நன்னீரை 'ஓ தூஸ்', அதாவது இனிய நீர் என்று சொல்லிக்கொடுத்தார்கள். பெயருக்காவது இனிக்க வேண்டாமா?

வாரம் ஒருமுறை கால் பங்கை மட்டும் அடியிலிருந்து ட்யூப் வைத்து எடுங்கள். ஒரு நாள் வாளியில் திறந்து வைத்த தண்ணீரை ஊற்றுங்கள். ஸ்பாஞ்சை எடுத்த தண்ணீரிலேயே அலசுங்கள்.

"தண்ணீர்ப் பஞ்சத்தில் வாரா வாரமா?" என்பார்கள். ஆபீசில் கணக்கு எழுதிய கை இது. 40 லிட்டர் தொட்டிக்கு வாரம் 10 லிட்டர், நாலு வாரத்துக்கு 40. நீங்கள் ஒரே நாளில் கொட்டுவதும் அதே 40தான்.

கிண்ணத்தில் தங்கமீன் விடுவோரிடம் எனக்கு வாதமே இல்லை. பிரான்சில் அக்ரோபியோதெர் என்ற நிறுவனம் 15 லிட்டருக்குக் குறைந்த தொட்டிகளை விற்பதை 2022இல் நிறுத்திவிட்டது. விற்றுச் சம்பாதிப்பவனுக்கே மனசு உறுத்தியிருக்கிறது. நமக்கு இன்னும் அது அலங்காரப் பொருள்.