கல்லை அழித்துவிட்டுப் போடும் கையெழுத்து

சென்ற மாதம் ஒரு தோழரின் வீட்டில் பேசிக்கொண்டிருந்தோம். பத்திரிகை நடத்தக் காசு இல்லை என்கிற வழக்கமான புலம்பல். அவர் ஒரு யோசனை சொன்னார். நம் ஓவியர்களை வைத்து அம்பேத்கர் வாழ்க்கையைப் படக்கதையாக வரைவது. அதில் பத்துப் பக்கங்களை உயர்ந்த தாளில் கல்லச்சில் அடிப்பது. எண் போட்டு, ஓவியரின் கையெழுத்தோடு விற்பது. "நூறு பிரதிக்கு மேல ஒன்னுகூட அடிக்கக் கூடாது தோழர். அடிச்சு முடிச்சதும் கல்ல அழிச்சிடணும். அப்பத்தான் மதிப்பு. அமெரிக்காக்காரன் அப்படித்தான் பண்றான்" என்றார்.

அமெரிக்காக்காரன் அப்படித்தான் பண்ணுகிறான். கையெழுத்திட்ட படக்கதைக் கல்லச்சுகளைச் சேகரிப்பது அங்கே ஒரு வியாபாரம். ஆனால் அந்தக் கையெழுத்துக்கு முன்னால் என்ன நடந்தது என்பதைத் தோழர் சொல்லவில்லை. அதை நான் சொல்கிறேன். இந்த யோசனையை ஏன் எதிர்க்கிறேன் என்பதும் அதிலேயே விளங்கிவிடும்.

முதலில் கல்லின் கதை. 1790களின் கடைசியில் பவேரியாவில் கல்லச்சைக் கண்டுபிடித்த அலோய்ஸ் செனஃபெல்டர் ஒரு நாடகக்காரர். தன் நாடகங்களை அச்சடிக்க வசதியில்லாமல் மலிவான வழி தேடியவர். வழவழப்பான சுண்ணாம்புக் கல்லில் கொழுப்பு மையால் வரைந்து, கல்லை நனைத்து, அச்சு மையை உருட்டினால் வரைந்த இடத்தில் மட்டும் ஒட்டும். எண்ணெயும் தண்ணியும் சேராது என்கிற, எந்த அடுப்படியிலும் தெரிந்த சங்கதிதான். ஆக, கல்லச்சு பிறந்ததே இல்லாமையில். பிறந்ததே பலபேருக்குப் போய்ச் சேருவதற்காக. படக்கதையும் அப்படித்தான். 1938இல் சூப்பர்மேன் முதலில் வந்த இதழின் விலை 10 சென்ட். மட்டமான தாள். பையன்கள் கைமாற்றிக் கைமாற்றிப் படித்துக் கிழித்தார்கள்.

பலருக்காகப் பிறந்த இந்த இரண்டையும் சேர்த்து ஒருசிலருக்கானதாக மாற்றுவதுதான் சேகரிப்பாளர் பதிப்பு. 300 பிரதி என்றால் 1/300, 2/300 என்று பென்சிலில் எண் எழுதுவார்கள். ஓவியருக்கென்று தனிப் பிரதிகள், அச்சடித்தவருக்கென்று தனிப் பிரதி. எல்லாம் முடிந்ததும் கல்லைத் தேய்த்துவிடுவார்கள், அல்லது குறுக்கே கீறிவிடுவார்கள். இன்னும் ஆயிரம் பேருக்குப் படம் தரக்கூடிய கல்லைச் சாகடித்தால்தான் முதல் 300 பேருக்கு மதிப்பு. இன்று இந்தப் பெயரில் விற்கிற பலவற்றில் கல்லும் கிடையாது; ஓவியத்தைப் படமெடுத்துத் தகட்டில் ஏற்றி ஆஃப்செட்டில் அடித்தவை. கல் போனாலும் கல்லை அழிக்கிற புத்தி மட்டும் போகவில்லை.

சரி, கையெழுத்து யாருடையது? கார்ல் பார்க்ஸ் 1901இல் ஆரிகன் மாநிலத்தில் பிறந்தவர். 1942 முதல் 1966 வரை டொனால்ட் வாத்துக் கதைகளை வரைந்தவர். காசுக் குவியலில் நீச்சலடிக்கும் கஞ்ச வாத்து ஸ்குரூஜை 1947இல் படைத்தவர். புத்தகத்தில் இருந்த பெயரோ வால்ட் டிஸ்னி மட்டும்தான். பெயர் தெரியாத வாசகர்கள் அவரை 'நல்லா வரையற வாத்துக்காரர்' என்று குறிப்பிட்டுக்கொண்டார்கள். 1960இல்தான் பெயரைத் தேடிக் கண்டுபிடித்தார்கள். ஓய்வு பெற்றபின், கால் நூற்றாண்டு தன் கையால் வரைந்த வாத்துகளை எண்ணெய் வண்ணத்தில் தீட்டுவதற்கு 1971இல் அவர் கம்பெனியிடம் அனுமதி கேட்க வேண்டியிருந்தது. 1976இல் அந்த அனுமதியும் போனது. 1980களில் உரிமம் வாங்கிய பதிப்பகம் ஒன்று அவருடைய ஓவியங்களைக் கல்லச்சுகளாக்கி, எண் போட்டு, 80 வயது தாண்டிய கிழவரிடம் கையெழுத்து வாங்கி விற்றது. இருபது வருஷத்துக்கு மேல் பெயர் போட விடவில்லை. கடைசியில் பெயர்தான் சரக்கு. பணத்தாசையைக் கேலிசெய்து அவர் வரைந்த வாத்தை, பணம் படைத்தவன் வாங்கிக் கூடத்தில் மாட்டிக்கொள்கிறான்.

"பெரியவருக்குக் கடைசிக் காலத்துல நாலு காசு கிடைச்சுதே, அது தப்பா?" என்று தோழர் கேட்பார். தப்பே இல்லை. அந்தக் காசு இளமையிலேயே உரிமையாக வந்திருக்க வேண்டும் என்கிறேன். உரிமையைப் பிடுங்கிக்கொண்டவர்கள் அதற்குப் பதிலாக மரியாதையைக் கொடுக்கிற ஏற்பாட்டுக்குப் பெயர்தான் இந்தக் கையெழுத்து.

இன்னொரு கையெழுத்து இருக்கிறது. சூப்பர்மேனை உருவாக்கிய ஜெர்ரி சீகலும் ஜோ ஷுஸ்டரும் யூதக் குடியேறிகளின் பிள்ளைகள். 1938இல் 130 டாலருக்கு மொத்த உரிமையும் போனது. பணம் வந்த காசோலையில் அவர்கள் பெயரைக்கூடச் சரியாக எழுதவில்லை. பின்புறத்தில் கையெழுத்துப் போட்டுப் பணம் வாங்கினார்கள். பல வருஷம் வறுமையும் வழக்குமாய் அலைந்தபின், 1975இல்தான் ஆண்டுக்கு 20,000 டாலர் உதவித்தொகையும் கதையில் பெயரும் திரும்பக் கிடைத்தன. 2012இல் அந்தக் காசோலை 1,60,000 டாலருக்கு ஏலம் போனது. வஞ்சித்த பத்திரமே சேகரிப்புப் பொருளாகிவிட்டது! 1892 தொடங்கி நமக்கு ஒதுக்கப்பட்ட பஞ்சமி நிலங்கள் எத்தனை கைநாட்டில் கைமாறின என்று தெரிந்த நமக்கு இது புரியாதா? அந்தக் கைநாட்டுப் பத்திரத்தைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டி, 'அருமையான கலைப்பொருள்' என்று ஒருவன் சொன்னால் நமக்கு எப்படியிருக்கும்?

பெயர் போட முடிந்தவர்களும் எல்லாவற்றையும் போட முடியவில்லை. 'கிரேஸி கேட்' வரைந்த ஜார்ஜ் ஹெரிமன் 1880இல் நியூ ஆர்லியன்ஸில் பிறந்தார். பிறப்புப் பதிவில் 'நிறத்தவர்' என்று இருந்தது. வாழ்நாள் முழுக்க வெள்ளையராக நடமாடினார். 1944இல் இறந்தார். அந்தப் பிறப்புப் பதிவு 1971இல்தான் வெளியே வந்தது. தினமும் செய்தித்தாளில் கையெழுத்துப் போட்ட மனிதர், தான் யார் என்பதை மட்டும் எங்கேயும் எழுத முடியவில்லை. நகரத்தில் வீடு தேடும்போது ஊர்ப்பெயரை மாற்றிச் சொன்னவர்களுக்கு அவர் யாரென்று விளக்க வேண்டாம். அவர் கையெழுத்துள்ள பக்கங்களுக்கு இன்று பெரிய விலை. அவர் மறைத்து வாழ்ந்த பயத்துக்கு யார் விலை வைப்பார்கள்?

அரிது என்பதிலும் இரண்டு வகை. 1947இல் ஃபிலடெல்ஃபியாவில் ஓரின் எவன்ஸ் என்ற கறுப்பினப் பத்திரிகையாளர், கறுப்பினத்தவரே எழுதி வரைந்த 'ஆல் நீக்ரோ காமிக்ஸ்' இதழைக் கொண்டுவந்தார். இரண்டாவது இதழுக்குத் தாள் கிடைக்கவில்லை, அத்தோடு நின்றது. இன்று அந்த ஒற்றை இதழும் 'அரிய' பொருள். வசதியுள்ளவன் கல்லை அழித்து அருமையை உண்டாக்கிக்கொள்கிறான். ஒடுக்கப்பட்டவனுடைய அச்சோ கழுத்து நெரிபட்டு அரிதாகிறது. தாள் இல்லாமல் நின்றுபோன நம் பத்திரிகைகளை எண்ணிப் பாருங்கள். நாமே நம் கல்லை அழிப்பதா?

இதன் உச்சத்தையும் பாருங்கள். 2000 முதல் அமெரிக்காவில் படக்கதைப் புத்தகங்களுக்குப் பத்துக்கு இத்தனை என்று தரம்போட்டு, பிளாஸ்டிக் பெட்டிக்குள் அடைத்து முத்திரை வைக்கிறார்கள். திறந்து படித்தால் மதிப்புப் போச்சு. சூப்பர்மேன் வந்த அந்த 10 சென்ட் இதழின் பிரதி ஒன்று 2024இல் 60 லட்சம் டாலருக்குப் போனது. கைரேகை படாததுதான் உயர்ந்தது. கை பட்டது தாழ்ந்தது. இந்தச் சட்டத்தை நாம் எங்கேயோ கேட்டிருக்கிறோம் இல்லையா? தொட்டால் தீட்டு என்கிற புத்தி எங்கே போனாலும் தனக்கொரு கர்ப்பகிருகத்தைக் கட்டிக்கொள்கிறது.

தோழருக்கு என் பதில் இதுதான். வரைவோம். 2011இல் நவயானா வெளியிட்ட 'பீமாயணா'வில் அம்பேத்கர் பட்ட தீண்டாமையை துர்காபாய் வ்யாம், சுபாஷ் வ்யாம் என்ற பர்தான் கோண்டு ஓவியர்கள் வரைந்தார்கள். அட்டையிலேயே அவர்கள் பெயர் இருக்கிறது. நாமும் பெயர் போடுவோம். வரைந்தவர், எழுத்து எழுதியவர், வண்ணம் கொடுத்தவர், மை உருட்டியவர் எல்லோர் பெயரும் ஒவ்வொரு பிரதியிலும் இருக்கட்டும். உரிமை வரைந்தவரிடமே இருக்கட்டும். மறுபடி அடிக்கும்போதெல்லாம் அவருக்குப் பங்கு போகட்டும். கையெழுத்து கேட்டு வருகிற பிள்ளைக்குக் கையெழுத்தும் போட்டுத் தரலாம், சும்மா.

எண் மட்டும் வேண்டாம். நம் சேரி வீடுகளின் சுவரில் தொங்குகிற அம்பேத்கர் படத்தில் எத்தனையில் எத்தனையாவது என்று எழுதியிருக்கிறதா? கண்ணாடி உடைந்து, அடுப்புப் புகை படிந்து, பிள்ளைகளின் கைபட்டுக் கிடக்கிறது அந்தப் படம். அது நூறு பிரதியோடு நின்றிருந்தால் நம் வீட்டுக்கு வந்திருக்காது.

காசு வேண்டும், தெரியும். பத்து ரூபாய்க்குப் பத்தாயிரம் பிரதி விற்று வருகிற காசாக இருக்கட்டும். அலைச்சல்தான். அலைவோம். கல்லை அழிக்காதீங்க தோழர்.