37-ம் 38-ம்

கலெக்டர் மழை லீவு விட்ட அன்றைக்குத்தான் வெயில் மண்டையைப் பிளக்கும். லீவு விஷயத்தில் பிள்ளைகளுக்கு ஆட்சேபணை கிடையாது. ஆனால் ஏழு வயசு சும்மா இருக்குமா? 'டி.வி.ல மழை வரும்னாங்களே, பொய்யாப்பா?' என்று கேட்கும். பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல் நாம் சொல்லும் பதில் இரண்டே. 'அவங்க சொல்லி என்னிக்கு நடந்திருக்கு?' அல்லது 'எல்லாம் அவன் செயல்'. முதல் பதிலைக் கேட்ட பையன் விஞ்ஞானிகள் புளுகர்கள் என்று முடிவு கட்டுகிறான். இரண்டாவதைக் கேட்டவன், கணக்குப் போட்டே பிரயோஜனமில்லை என்று. நிஜமாகவே புயல் எச்சரிக்கை வரும்போது இரண்டு பேரும் காதில் வாங்க மாட்டார்கள். வில்லங்கம் அங்கேதான்.

அதற்காக 'கேயாஸ் தியரி' என்று ஆரம்பித்தால் எழுந்து ஓடிவிடுவான். பென்சில், பேப்பர் எடுங்கள். ஆளுக்கொரு எண். விதி ஒன்றுதான்: இரண்டால் பெருக்கு, நூறைத் தாண்டினால் நூறைக் கழித்துவிடு. நீங்கள் 37, அவன் 38. அடுத்தது 74, 76. அப்புறம் 48, 52. அதற்கப்புறம்? உங்களுக்கு 96, அவனுக்கு வெறும் 4! பகடை உருட்டவில்லை, சீட்டுக் குலுக்கவில்லை, கணக்கிலும் தப்பில்லை. ஆரம்பத்தில் இருந்த ஒரே ஒரு எண் வித்தியாசம் குட்டி போட்டுக்கொண்டே போனதுதான் காரணம்.

இதில் மாட்டிக்கொண்ட பெரிய மனுஷர் எட்வர்ட் லோரன்ஸ். அமெரிக்காவில் எம்.ஐ.டி.யில் வானிலை ஆராய்ச்சி. 1961-ல், மேஜை சைஸ் கம்ப்யூட்டர் ஒன்றில் பொம்மை வானிலை ஒன்றை ஓட்டிக்கொண்டிருந்தார். பழைய கணக்கை இன்னொரு தரம் பார்க்க, அச்சடித்த தாளிலிருந்த எண்ணை நடுவிலிருந்து கொடுத்துவிட்டுக் காபி குடிக்கப் போனார். ஒரு மணி நேரம் கழித்து வந்தால், பழைய வானிலைக்கும் புதுசுக்கும் ஸ்நானப் பிராப்தி இல்லை. வால்வு போய்விட்டதோ என்றுதான் முதலில் சந்தேகப்பட்டார். விஷயம் அதுவல்ல. மெஷினின் ஞாபகத்தில் இருந்தது 0.506127. தாளில் இடத்தை மிச்சம் பிடிக்க அச்சானது 0.506.

1972-ல் அவர் பேசிய பேச்சின் தலைப்பில்தான் பிரேசில் பட்டாம்பூச்சியும் டெக்ஸாஸ் சூறாவளியும் வந்தன. 2008-ல் 'தசாவதாரம்' வந்தபின் நம் ஊரிலும் அது பிரசித்தம். குழந்தைகளிடம் மட்டும் அந்தப் பட்டாம்பூச்சியை அவிழ்த்துவிடாதீர்கள். புயலுக்கு அதுதான் காரணம் என்று நினைத்து, பையன் துடைப்பத்தோடு தோட்டத்துக்குக் கிளம்பிவிடுவான். 37, 38 தேவலை.

சரி, வானிலைக்காரர்கள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்களா? இல்லை. 1992-லிருந்து ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும், ஆரம்ப எண்ணைக் கொஞ்சம் கொஞ்சம் மாற்றிப் பல தடவை கணக்கை ஓட்டிப் பார்க்கிறார்கள். பெரும்பாலானவற்றில் மழை பெய்தால் குடை எடுக்கச் சொல்கிறார்கள். மிச்சத்தில் ஒன்று பலித்துவிட்டால் அன்றைக்கு வெயில். இது பொய்யில் சேர்த்தியா? பையனே சொல்லட்டும்.

அடுத்த கேள்விக்கும் தயாராக இருங்கள்: 'அப்ப எல்லாமே இப்படித்தானா?' கிடையாது. பார்க் ஊஞ்சல் சமத்து. கொஞ்சம் மாற்றித் தள்ளினாலும் ஏறக்குறைய அதே மாதிரிதான் ஆடும். அந்த ஊஞ்சலின் அடியில் இன்னொரு ஊஞ்சலைத் தொங்கவிட்டு ஓங்கித் தள்ளினால்தான் வினை. ஆளை வைத்துப் பரீட்சை வேண்டாம். ஓட்டை போட்ட இரண்டு மரஸ்கேலை ஒரு ஸ்க்ரூவில் லூசாகக் கோத்து, சுவரில் ஆணியடித்து மாட்டி, உயரத் தூக்கி விட்டுப் பாருங்கள். கீழ் ஸ்கேல் எப்போது குட்டிக்கரணம் போடும் என்று பையனோடு பந்தயம் மட்டும் கட்டாதீர்கள்.