தலையில் அடிபட்டால் "ஒண்டுமில்ல" என்று சொல்ல நாம் யார்?



பதிவு கொஞ்சம் நீளம். பிள்ளைகள் இருப்பவர்களும் என் சக ஆசிரியர்களும் கடைசி வரை வாசியுங்கள்.

சில வருடங்களுக்கு முன்னர், இடைவேளை நேரம். தரம் 7 மாணவன் ஒருவன் ஓடிவந்து தூணில் மோதி விழுந்தான். நான்தான் கடமையில் நின்றேன். தூக்கி உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்து, "என்ன மகன், தல சுத்துதா?" என்று கேட்டேன். "ஒண்டுமில்ல ஸேர்" என்றான். காதுக்கு மேலே சின்ன வீக்கம், இரத்தம் இல்லை. வகுப்புக்கு அனுப்பிவிட்டேன். பாடசாலை விட்டதும் சைக்கிளில் வீட்டுக்குப் போனான். வீட்டுக்கு நான் அறிவிக்கவில்லை.

அஸருக்குப் பிறகு தலைவலி என்று படுத்திருக்கிறான். உம்மா பெனடோல் கொடுத்திருக்கிறார். மஃரிபுக்கு எழுப்பினால் சரியாக எழும்பவில்லை, வாந்தி எடுத்திருக்கிறான். அடிபட்டதே வீட்டில் யாருக்கும் தெரியாது. வெயிலில் ஆடிவிட்டு வந்த களைப்பு என்று நினைத்திருக்கிறார்கள். அன்றிரவே பெரிய ஆஸ்பத்திரிக்கு மாற்றி, மண்டையோட்டுக்கு உள்ளே தேங்கிய இரத்தத்தை சத்திரசிகிச்சை செய்து எடுத்தார்கள். அல்ஹம்துலில்லாஹ், பிழைத்துவிட்டான். இப்போதும் என்னைக் கண்டால் ஸலாம் சொல்வான். பதில் சொல்லும்போதெல்லாம் எனக்கு அந்த "ஒண்டுமில்ல ஸேர்"தான் காதில் கேட்கும்.

வைத்தியர் பிறகு விளங்கப்படுத்தினார். நெற்றிப்பொட்டுப் பக்கம் எலும்பு மெல்லியது. அதன் உட்புறமாக ஒரு நாடி ஓடுகிறது. எலும்பு வெடித்து அந்த நாடி கிழிந்தால், இரத்தம் சேர்ந்து சேர்ந்து மூளையை அழுத்தும். ஆனால் அழுத்தம் கூடும் வரை சில மணித்தியாலங்கள் ஆள் நல்லாகவே இருக்கக்கூடும். பேசுவார், சிரிப்பார், சாப்பிடுவார். 2009 மார்ச்சில் பிரித்தானிய நடிகை நடாஷா ரிச்சர்ட்சன் கனடாவில் பனிச்சறுக்கு பழகும்போது விழுந்தார். எனக்கு ஒன்றுமில்லை என்று சொல்லி வந்த அம்புலன்ஸையும் திருப்பி அனுப்பினார். இரண்டு நாளில் மௌத்தானார். காரணம் இதே இரத்தக் கசிவுதான்.

நாம் செய்யும் பிழை இரண்டு. ஒன்று, இரத்தத்தைப் பார்த்து முடிவெடுப்பது. தலைத்தோல் சின்ன வெட்டுக்கும் நிறைய இரத்தம் கொட்டும், அதனால் பயந்து ஓடுகிறோம். உள்ளே கசிவது வெளியே தெரியாது, அதனால் சும்மா இருந்துவிடுகிறோம். மற்றது, அடிபட்டவரிடமே கேட்டு முடிவெடுப்பது. அடிபட்டது அவருடைய மூளை. அது சரியாக வேலை செய்கிறதா என்று அதனிடமே கேட்டு என்ன பயன்? பிள்ளை என்றால் ஏச்சுக்குப் பயந்தும் மறைக்கும்.

ஆகவே அறிகுறிகளைப் பாருங்கள். நான் டொக்டர் இல்லை. ஆனால் உலகம் முழுக்க வைத்தியர்கள் சொல்லிக் கொடுக்கும் அடையாளங்கள் இவை. இதில் ஒன்று இருந்தாலும் தாமதிக்காமல் ஆஸ்பத்திரி:

- ஒரு நொடியாவது நினைவு தப்பியிருந்தால்
- என்ன நடந்தது என்று ஞாபகமில்லாவிட்டால், கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்டால்
- வாந்தி எடுத்தால்
- தலைவலி குறையாமல் கூடிக்கொண்டே போனால்
- தூக்கக் கலக்கமாக இருந்து எழுப்பக் கஷ்டமானால்
- வலிப்பு வந்தால்
- பேச்சுக் குழறினால், கை கால் சோர்ந்தால், நடை தள்ளாடினால், பார்வை இரண்டாகத் தெரிந்தால்
- காதாலோ மூக்காலோ தண்ணீர் மாதிரியோ இரத்தமோ வந்தால்
- காதுக்குப் பின்னாலோ, இரண்டு கண்களைச் சுற்றியோ கறுத்தால்
- கைக்குழந்தை விடாமல் அழுதால், பால் குடிக்க மறுத்தால், உச்சிக்குழி புடைத்திருந்தால்

அறிகுறி இல்லாவிட்டாலும், உயரத்திலிருந்து விழுந்தவர், வாகனத்தில் அடிபட்டவர், இரத்தம் உறையாமலிருக்கக் குளிசை குடிப்பவர், வயதானவர், கைக்குழந்தை என்றால் காட்டிவிடுவதே நல்லது. கழுத்து வலி இருந்தால் தூக்கி ஓட்டோவில் போடாதீர்கள். அசைக்காமல் வைத்து 1990க்கு எடுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம்.

"அப்ப ஒவ்வொரு பொம்புக்கும் ஆஸ்பத்திரிக்கு ஓடவா?" என்று கேட்பீர்கள். இல்லை. ஓடி விளையாடும் பிள்ளைக்கு அடிபடாமல் இராது. உடனே அழுது, கொஞ்ச நேரத்தில் வழமைபோல் விளையாடி, சாப்பிட்டு இருந்தால் பெரும்பாலும் பயமில்லை. துணியில் சுற்றிய ஐஸ் வைத்து, அடுத்த 24 மணித்தியாலத்துக்குக் கண் வைத்திருங்கள். தூங்கவே விடக்கூடாது என்பது பிழை. தூங்கட்டும், ஆனால் இடைக்கிடை எழுப்பி, பேர் சொல்லிப் பேசிப் பாருங்கள். வலிக்குப் பெனடோல் போதும், அஸ்பிரின் வேண்டாம். ஆஸ்பத்திரிக்குப் போனாலும் "ஸ்கேன் எடுங்க" என்று வைத்தியரோடு சண்டை பிடிக்காதீர்கள். எல்லோருக்கும் அது தேவையில்லை, கதிர்வீச்சும் உண்டு. சில மணித்தியாலம் வைத்துப் பார்ப்பதும் வைத்தியம்தான்.

நம் சமூகத்துக்கென்று சில விஷயங்கள் சொல்ல வேண்டும்.

பெண் பிள்ளைகளின் தலைக்காயம் பர்தாவுக்குள் மறைந்துவிடுகிறது. ஆண் ஆசிரியர் பார்க்க முடியாது, பிள்ளையும் வெட்கத்தில் சொல்லாது. உடனே ஒரு டீச்சரைக் கூப்பிட்டு, தனி இடத்தில் பார்க்கச் சொல்லுங்கள்.

ரமழானில் பிள்ளை சோர்ந்து கிடந்தால் நோன்புக் களைப்பு என்கிறோம். அன்று எங்காவது விழுந்தானா என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.

வீட்டில் வயதான வாப்பாவோ உம்மம்மாவோ வுழூச் செய்யும் இடத்தில் வழுக்கி விழுந்திருப்பார். நாலு கிழமை கழித்துப் பேச்சு மாறும், நடை மாறும். "வயசு போயிட்டு" என்று விட்டுவிடுகிறோம். மெல்லக் கசிந்த இரத்தம் கிழமைக் கணக்கில் கழித்தும் இப்படிக் காட்டும். எடுத்துவிட்டால் பலர் பழையபடி ஆகிறார்கள்.

குர்ஆன் மத்ரஸாவுக்கு மோட்டார் சைக்கிளில் மூன்று பிள்ளைகளை ஏற்றிப் போகிறோம். நமக்குத்தான் ஹெல்மட், அவர்கள் தலையில் தொப்பி மட்டும்.

ஓதி ஊதுவதை நான் குறை சொல்லவில்லை. நானும் ஓதுவேன். ஆனால் ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கச் சொன்ன மார்க்கம் நமது. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலும் ஓதலாம்.

கடைசியாக என் சக ஆசிரியர்களுக்கு. நாம் ஏன் வீட்டுக்கு அறிவிப்பதில்லை? பெற்றோர் வந்து சத்தம் போடுவார்கள், அதிபர் விளக்கம் கேட்பார் என்ற பயம். அன்று எனக்கும் அதுதான். 2019இல் கன்பெராவில் திமுத் கருணாரத்னவுக்குப் பந்து பட்டது. ஹெல்மட் போட்டிருந்தார். ஆனாலும் ஸ்ட்ரெச்சரில் கொண்டுபோய் ஆஸ்பத்திரியில் பார்த்தார்கள். மறுநாள் வந்து துடுப்பெடுத்தாடினார். வீணாகப் பயந்தார்கள் என்று யாரும் சிரிக்கவில்லை. நம் பிள்ளையின் தலை அதைவிட மலிவா?

ஒவ்வொரு பாடசாலையிலும் இரண்டு விதி போதும். தலையில் அடிபட்ட பிள்ளையின் வீட்டுக்கு, சின்ன அடியென்றாலும், அப்போதே கோல் எடுக்க வேண்டும். அந்தப் பிள்ளை அன்று தனியாக வீட்டுக்குப் போகக்கூடாது. பெற்றோரே, அப்படிக் கோல் எடுக்கும் ஆசிரியரை ஏசாதீர்கள். ஏசினால் அடுத்த முறை அவர் எடுக்க மாட்டார்.

அன்று நான் ஒரு கோல் எடுத்திருந்தால், அந்த உம்மா பெனடோலோடு நின்றிருக்க மாட்டார். யா அல்லாஹ், நம் பிள்ளைகளைப் பாதுகாப்பாயாக.

உங்கள் பாடசாலை வட்ஸ்அப் குறூப்பில் போட்டுவிடுங்கள்.