முகப்பருவை மறைப்பது குற்றமா?

நம் சங்க விழாக்களில் ஒரு வழக்கம் இருக்கிறது. பல மாதங்கள் கழித்துச் சந்திக்கும் பெண்பிள்ளையிடம் படிப்பைப் பற்றி விசாரிப்பதற்கு முன்பே, "என்னம்மா, முகமெல்லாம் இப்படிப் பரு வந்திருக்கு?" என்று கேட்டுவிடுகிறோம். கேட்பவர் அன்போடுதான் கேட்கிறார்; அடுத்த மூச்சிலேயே ஒரு கைவைத்தியமும் சொல்லிவிடுகிறார். அந்தப் பெண் சிரித்துக்கொண்டே தலையாட்டுகிறாள். அடுத்த விழாவுக்கு அவள் வருவதில்லை. அவளே முகத்தில் சிறிது பூச்சுப் பூசிக்கொண்டு வந்தாலோ, "இந்த வயசில் மேக்கப் எதுக்கு?" என்று ஆரம்பித்துவிடுகிறோம். இரண்டில் எதைச் செய்தாலும் குற்றம் என்றால் அந்தக் குழந்தை என்னதான் செய்யும்?

நான் மருத்துவர் அல்ல. அழகு நிலையம் நடத்துபவளும் அல்ல. தில்லியில் பொங்கல் விழா, ஆண்டு விழா என்று வரும்போது நடனம் ஆடும் பிள்ளைகளுக்கு ஒப்பனை செய்யும் வேலையைப் பல ஆண்டுகளாகச் செய்து வருகிறேன். கண்ணாடி முன் உட்கார்ந்ததும் தலையைக் குனிந்துகொள்ளும் பிள்ளைகளை நிறையப் பார்த்திருக்கிறேன். அந்த அனுபவத்தில் என் கருத்து இதுதான்: பருவை மறைக்க விரும்புவது கர்வமும் அல்ல, பொய்யும் அல்ல. கிழிந்த இடத்தைத் தைத்து உடுத்துவதைப் போன்ற சாதாரணக் காரியம் அது. ஆனால் முறை தெரிந்து செய்ய வேண்டும். மறைப்பது வேறு, மருத்துவம் வேறு என்பதையும் மறக்கக் கூடாது.

பரு அழுக்கினால் வருவதில்லை. பருவ வயதில் சுரக்கும் ஹார்மோன்களால் தோலில் எண்ணெய்ப் பசை அதிகமாகி, மயிர்க்கால்கள் அடைபட்டு, அங்கே கிருமிகள் பெருகி வீங்குவதுதான் பரு. எனவே தேய்த்துத் தேய்த்துக் கழுவுவதால் பயன் இல்லை. தோல் புண்ணாவதுதான் மிச்சம். எலுமிச்சைச் சாறும் பற்பசையும் எரிச்சலைத்தான் தரும். நாம் பெருமையோடு தலையில் வைக்கும் தேங்காய் எண்ணெய் நெற்றியில் வழிந்தால், அந்த இடத்தில் பரு வரவும் அது ஒரு காரணமாகலாம்.

இனி, பூச்சு ஏன் திட்டுத் திட்டாக நிற்கிறது என்பதைப் பார்ப்போம். நம் ஊர் அலங்காரம் என்பது முகம் கழுவியதும் ஒரு கை பவுடர். சென்னையின் புழுக்கத்தில் வியர்வையை உறிஞ்ச அது சரிதான். தில்லியில் டிசம்பர், ஜனவரி மாதக் குளிரும், கெய்ஸர் வெந்நீரும், அறையில் எரியும் ஹீட்டரும் தோலின் ஈரப்பசையை எடுத்துவிடுகின்றன. மே, ஜூன் மாதங்களில் 'லூ' காற்று அதே வேலையைச் செய்கிறது. போதாக்குறைக்குப் பருவுக்கு மருத்துவர் தரும் அடாபலீன், பென்சாயில் பெராக்ஸைடு போன்ற மருந்துகளும் ஆரம்பத்தில் தோலை உலர்த்தி உரிய வைப்பவை. உரியும் தோலின் மேல் பவுடரைப் பூசினால் காய்ந்த சுவரில் சுண்ணாம்பு அடித்த மாதிரிதான் இருக்கும். அம்மாவுக்கும் பாட்டிக்கும் கைகொடுத்த முறை இங்கே பொருந்தாமல் போவதற்கு ஊரின் தட்பவெப்பம்தான் காரணம்; பெண்ணின் கைக்குறை அல்ல.

'பான்கேக்' என்ற சொல் நம்மில் பலருக்குத் தெரியும். ஜெமினி ஸ்டுடியோவில் அது வண்டி வண்டியாக வாங்கப்பட்டதை அசோகமித்திரன் எழுதிய கட்டுரை சி.பி.எஸ்.இ. பன்னிரண்டாம் வகுப்பு ஆங்கிலப் பாடநூலில் இடம் பெற்றதால், இங்கே வளர்ந்த நம் பிள்ளைகளும் அதைப் படித்திருக்கிறார்கள். மேக்ஸ் ஃபேக்டர் நிறுவனம் 1930களின் இறுதியில் வண்ணப் படங்களுக்காக உருவாக்கிய பூச்சு அது. படப்பிடிப்பு விளக்குகளுக்கும், தொலைவிலிருந்து பார்க்கும் மேடைக்கும் கனமான பூச்சு வேண்டியிருக்கலாம். கல்லூரிக்கும் கல்யாண வீட்டுக்கும், கையெட்டும் தூரத்தில் நின்று பேசுகிறவர்களுக்கு முன்னாலும் அது வேண்டவே வேண்டாம்.

நான் பின்பற்றும் முறையைச் சொல்கிறேன். வெதுவெதுப்பான நீரில் முகத்தை மென்மையாகக் கழுவி, துணியால் ஒற்றி, ஈரம் முழுதும் காய்வதற்குள் எண்ணெய்ப் பசை இல்லாத மாய்ஸ்சரைசர் தடவ வேண்டும். பகல் என்றால் அதன்மேல் சன்ஸ்கிரீன். பிறகு பத்து நிமிடம் பொறுத்திருக்க வேண்டும். புடவை கட்டும் வேலையை அப்போது வைத்துக்கொள்ளலாம். இந்தப் பத்து நிமிடத்தை விட்டுவிடுவதால்தான் பாதிப் பேருக்குப் பூச்சு உருண்டு திரள்கிறது. அடுத்து பவுண்டேஷன். நனைத்துப் பிழிந்த ஸ்பாஞ்சினால், தேய்க்காமல், ஒற்றி ஒற்றி மெல்லியதாக ஒரு முறை. அதற்குப் பிறகும் தெரிகிற பருவின் மேல் மட்டும் சிறிய பிரஷ்ஷால் கன்சீலரைப் புள்ளியாக வைத்து, அரை நிமிடம் விட்டு, ஓரங்களை மட்டும் விரலால் தட்டிக் கலக்க வேண்டும். நடுவில் தட்டினால் வைத்ததெல்லாம் விரலோடு வந்துவிடும். கடைசியில் பவுடரை அந்தப் புள்ளிகளிலும் மூக்கு, நெற்றியிலும் மட்டும் லேசாக அழுத்தினால் போதும். தோல் உரியும் இடத்தில் பவுடரே வேண்டாம். மதியம் முகத்தில் எண்ணெய் வழிந்தால் முதலில் டிஷ்யூவால் ஒற்றி எடுங்கள். பவுடர்மேல் பவுடர் போடாதீர்கள்.

ஒரு உண்மையைப் பிள்ளைகளிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது. பூச்சு நிறத்தை மறைக்கும், மேட்டை மறைக்காது. மேட்டையும் மறைக்க முயன்று அடுக்கடுக்காகப் போடும்போதுதான் முகம் முகமூடியாகிறது. உடைந்து நீர் கசியும் பருவின் மேல் எதையும் பூசக் கூடாது. எவ்வளவு களைப்பானாலும் இரவில் பூச்சை முழுதும் எடுத்துவிட்டே படுக்க வேண்டும். ஸ்பாஞ்சையும் பிரஷ்ஷையும் வாரம் ஒரு முறையாவது சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். தோழியரோடு பகிர்ந்துகொள்ளக் கூடாது.

என்னை மிகவும் வருத்துவது நிறம் பற்றிய விஷயம். கடைக்குப் போனால், விற்பவர் நம் பெண்ணின் முகத்தைப் பார்த்து, அவள் நிறத்தைவிட இரண்டு படி வெளுத்த பவுண்டேஷனை எடுத்து நீட்டுகிறார். நாமும், "கொஞ்சம் பளிச்சென்று இருக்கட்டுமே" என்று வாங்கி வந்துவிடுகிறோம். மாநிறத்தின் மேல் வெளுத்த பூச்சு சாம்பல் பூத்தது போலத்தான் தெரியும். பருவை அது மறைப்பதற்குப் பதிலாகக் காட்டிக்கொடுக்கும். தாடை ஓரத்தில் தடவி, வெளியே வெயிலில் நின்று பார்த்து, கழுத்தோடு கலந்து மறைகிற நிறத்தையே வாங்க வேண்டும். பரு ஆறிய பின் சிவந்த தோலில் சிவப்புத் தழும்பு நிற்கும். நம் நிறத்தில் பெரும்பாலும் பழுப்பாகவும் கருப்பாகவும் நிற்கும். ஆகவே சிவப்பை மறைக்கும் பச்சை நிறக் கரெக்டரைவிட, ஆரஞ்சு சாயல் உள்ளதே இதற்குப் பொருந்தும். 1975-இல் வந்த 'ஃபேர் அண்ட் லவ்லி' 2020-இல் 'க்ளோ அண்ட் லவ்லி' என்று பெயர் மாற்றிக்கொண்டது. டப்பாவின் பெயர் மாறியது போல நம் வீட்டுப் பேச்சும் மாற வேண்டாமா?

மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் களிம்புகள் விஷயத்தில் மிகுந்த எச்சரிக்கை தேவை. முகத்தை வெளுக்க வைக்கும் என்று கைமாறி வருகிற பல களிம்புகளில் ஸ்டீராய்டு கலந்திருக்கிறது. முதல் சில வாரங்கள் முகம் பளபளக்கும். பிறகு தோல் மெலிந்து, சிவந்து, பருவும் அதிகமாகும். மத்திய அரசு 2018-இல் 14 ஸ்டீராய்டுக் களிம்புகளை, மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத மருந்துகளின் பட்டியலில் சேர்த்தது இதனால்தான். பரு வலியோடு கட்டியாக வந்தாலும், குழி விழத் தொடங்கினாலும், மாதவிலக்கும் சேர்ந்து ஒழுங்கு தப்பினாலும், தோல் மருத்துவரிடம் அழைத்துப் போவது பெற்றோர் கடமை. மருந்து வேலை செய்ய இரண்டு மூன்று மாதங்கள் ஆகும். பூச்சின் உதவி வேண்டியிருப்பது அந்த இடைக்காலத்தில்தான்.

இது பெண்பிள்ளைகளுக்கு மட்டுமான பிரச்சினையும் அல்ல. பையன்களுக்கும் பரு வருகிறது. அவர்கள் வாய்விட்டுச் சொல்வதில்லை. கல்லூரி நேர்முகத் தேர்வுக்குப் போகிற பையன் ஒரு புள்ளி கன்சீலர் வைத்துக்கொண்டால் யாருடைய ஆண்மையும் குறைந்துவிடாது.

சொந்த ஊரை விட்டு இத்தனை தொலைவில், மொழியும் நிறமும் வேறான வகுப்பறையில் உட்கார்ந்து படிக்கிற பிள்ளைகள் இவர்கள். அங்கே கேட்கிற கேலியை நம்மால் நிறுத்த முடியாமல் போகலாம். தமிழ் பேசிக்கொண்டு சற்று நிம்மதியாக இருக்கலாம் என்று அவர்கள் வருகிற இடம் நம் சங்கம். பெரியவர்களை நான் கேட்டுக்கொள்வது ஒன்றே ஒன்றுதான். வருகிற சித்திரைத் திருநாள் விழாவில் எந்தப் பிள்ளையைப் பார்த்தாலும், "நன்றாக இருக்கிறாயா? என்ன படிக்கிறாய்?" என்று மட்டும் கேளுங்கள்.