ஆசிரியர்கள் கூடிப் படிக்க ஓர் இடம் தாருங்கள்
மும்பைத் தமிழர்களுக்கு ஒரு வேண்டுகோள்



கோடை விடுமுறை நெருங்குகிறது. ஊருக்குப் போகும் ரயில்களில் காத்திருப்போர் பட்டியல் நீண்டுகொண்டே போகிறது. "டீச்சருக்கு என்னப்பா, ஒன்றரை மாசம் லீவு, சம்பளமும் வந்துடும்" என்ற பேச்சும் வழக்கம்போலத் தொடங்கிவிட்டது. நாங்கள் தாராவி, மாதுங்கா, செம்பூர் ஆகிய மூன்று பகுதிகளிலும் தொடக்க வகுப்புகளுக்குப் பாடம் நடத்துகிற ஆசிரியர்கள். எங்களோடு ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் சிலரும் பெற்றோர் சிலரும் இருக்கிறார்கள். மாநகராட்சிப் பள்ளி, உதவிபெறும் பள்ளி, தமிழ்வழி, ஆங்கிலவழி என்று எங்களுக்குள் எல்லா வகையினரும் உண்டு.

கேட்க வந்ததை முதலிலேயே கேட்டுவிடுகிறோம். இந்தக் கோடையில் ஆசிரியர்கள் கூடி உட்கார்ந்து படிக்க இடம் தாருங்கள். உங்களுக்குத் தெரிந்ததை எங்களுக்குக் கற்றுத்தர வாருங்கள். பணம் கேட்கவில்லை.

எங்கள் விடுமுறை எப்படிக் கழிகிறது என்பதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஓர் ஆசிரியர் ஆண்டுக்குக் குறைந்தது 50 மணி நேரமாவது தொழில்சார்ந்து கற்க வேண்டும் என்கிறது 2020 தேசியக் கல்விக் கொள்கை. ஆசிரியர்களுக்காக 2019இல் தொடங்கிய 'நிஷ்டா' பயிற்சி, கொரோனா காலத்தில் 'தீக்ஷா' இணையதளத்துக்கு மாறிய பிறகு, பயிற்சியின் பெரும்பகுதி கைப்பேசித் திரையிலேயே நடக்கிறது. 2025-26இல் 1ஆம் வகுப்பில் அறிமுகமான மகாராஷ்டிரத்தின் புதிய பாடத்திட்டம் படிப்படியாக மேல் வகுப்புகளுக்கு வருகிறது. இதற்கு நடுவே, 2025 செப்டம்பர் 1 அன்று, மகாராஷ்டிரம், தமிழ்நாடு இரண்டு மாநிலங்களிலிருந்தும் போன வழக்குகளில் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பு சொன்னது. 1 முதல் 8 வரையிலான வகுப்புகளுக்குப் பாடம் எடுப்பவர்களில், ஓய்வுக்கு ஐந்து ஆண்டுக்கு மேல் இருப்பவர்கள் எத்தனை காலமாகப் பணியில் இருந்தாலும் இரண்டு ஆண்டுக்குள் ஆசிரியர் தகுதித் தேர்வில் தேறியாக வேண்டும். சிறுபான்மையினர் பள்ளிகளின் நிலை என்ன என்ற கேள்வி பெரிய அமர்வுக்குப் போயிருக்கிறது. மற்ற பள்ளிகளில், ஐம்பதை நெருங்கும் ஆசிரியைகள்கூட இப்போது வழிகாட்டி நூலைக் கையில் எடுத்திருக்கிறார்கள்.

மக்கள்தொகைக் கணக்கெடுப்பும் இருக்கிறது. அதன் முதற்கட்டமான வீட்டுப் பட்டியல் பணிக்கு 2026 ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை காலம் குறித்திருக்கிறார்கள். கல்வி உரிமைச் சட்டத்தின் 27ஆம் பிரிவு ஆசிரியர்களை வேறு வேலைக்கு அனுப்பக் கூடாது என்று சொல்லிவிட்டு, கணக்கெடுப்பு, தேர்தல், பேரிடர் நிவாரணம் ஆகியவற்றுக்கு விலக்கும் தந்திருக்கிறது. இந்த வேலைகளை நாங்கள் தட்டிக்கழிக்கவில்லை. எல்லாம் போக மிஞ்சுகிற நாட்கள் கொஞ்சம் என்பதைத்தான் சொல்ல வருகிறோம். அந்தக் கொஞ்ச நாட்களை எதற்குச் செலவிடுவது என்பதில் எங்களுக்குத் தெளிவு இருக்கிறது.

திரைப் பயிற்சியை நாங்கள் குறைவாகப் பேசவில்லை. ஊர்க்கோடியில் இருக்கிற ஆசிரியருக்கும் ஒரே நேரத்தில் ஒரு செய்தி போய்ச்சேர அதைவிட நல்ல வழி கிடையாது. ஆனால் காணொளி ஓடி முடிந்தால் சான்றிதழ் வந்துவிடும்; வகுப்பில் முன்வரிசைப் பிள்ளை ஏன் தடுமாறுகிறாள் என்பது காணொளிக்குத் தெரியாது.

ஓர் எடுத்துக்காட்டு. இரண்டாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி, 'இருபத்தைந்து' என்று சொன்னால் நோட்டில் 52 என்று எழுதுகிறாள். கவனக்குறைவு என்று சிவப்பு மையால் சுழித்துவிட்டுப் போவது எளிது. அவள் நாள் முழுவதும் காதால் கேட்பதை யோசித்துப் பாருங்கள். கடையில், பேருந்தில், தெருவில் அவள் கேட்பது மராத்தியின் 'பஞ்ச்வீஸ்'. முதலில் ஐந்து, பிறகு இருபது. இந்தியின் 'பச்சீஸ்' என்பதும் அப்படியே. தமிழ் இருபதை முன்னால் சொல்கிறது, எழுதுகிற முறையும் அதுவே. மூன்று மொழிக்கு நடுவே வளர்கிற குழந்தையின் கை, காதில் முதலில் விழுந்ததை முதலில் எழுதிவிடுகிறது.

இது எங்கள் ஊகம் என்று நினைக்க வேண்டாம். இதே சிக்கலுக்காகத்தான் 2019இல் மாநிலப் பாடநூல் நிறுவனமான பாலபாரதி வெளியிட்ட இரண்டாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தில் 'பஞ்ச்வீஸ்' என்பதோடு 'வீஸ் பாச்' என்று பத்தை முன்னே சொல்லும் முறையும் வந்தது. கணக்குப் பாடக் குழுவுக்குத் தலைமை வகித்த கணித அறிஞர் மங்களா நார்ளிகர் அதை விளக்கிப் பேசினார். மராத்தியைச் சிதைக்கிறார்கள் என்று மாநிலமே சண்டை போட்டது. அந்தச் சண்டையில் யார் பக்கம் நின்றாலும், அதற்குக் காரணமான குழந்தைகள் எங்கள் வகுப்புகளில் உட்கார்ந்திருக்கிறார்கள். தாராவித் தமிழ்ப் பிள்ளைக்கு அந்தச் சிக்கல் இரட்டிப்பு. மராத்திப் பாடநூலில் தேவநாகரியின் நான்கு அவள் கண்ணுக்கு எட்டு மாதிரியும், ஒன்று ஒன்பது மாதிரியும் தெரிகின்றன. தமிழில் ஒரு 'க' எழுதிப் பழகியவள் மராத்தி வகுப்பில் நான்கு எழுத்துகளைப் பிரித்தறிய வேண்டும். 2020ஆம் ஆண்டுச் சட்டப்படி எல்லாப் பள்ளியிலும் மராத்தி கட்டாயம் என்பதால் இதைத் தள்ளிப்போடவும் முடியாது.

இன்னொரு நோட்டில் 'நூற்று ஐந்து' 1005 என்று இருக்கும். அந்தப் பிள்ளை நூறை எழுதி, பக்கத்தில் ஐந்தையும் எழுதியிருக்கிறான். அவனளவில் அது சரி. இடமதிப்பு இன்னும் அவனுக்குள் இறங்கவில்லை என்பதைத்தான் அந்தத் தவறு சொல்கிறது. பத்துப் பத்தாகக் கட்டிய குச்சிகளை அவன் கையில் கொடுக்க வேண்டுமா, ரூபாய் நோட்டுகளைக் கொடுக்க வேண்டுமா, எத்தனை நாள் கொடுக்க வேண்டும்? இதற்கு விடை தனியே உட்கார்ந்து காணொளி பார்க்கிறவருக்குக் கிடைக்காது. நாலு ஆசிரியர்கள் நாற்பது நோட்டுகளை விரித்துவைத்துக்கொண்டு பேசினால் கிடைக்கும். நாங்கள் கோடையில் படிக்க விரும்புவது இதைத்தான்.

இந்த வழி புதிதும் இல்லை. அதில் மும்பைக்குப் பெரிய பங்கும் உண்டு. 1972இல் மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் மாவட்டத்தில் 16 நடுநிலைப் பள்ளிகளில் அறிவியல் கற்பித்தலை மாற்றும் முயற்சி ஒன்று தொடங்கியது. கொலாபாவிலுள்ள டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் விஞ்ஞானிகள் அதில் பங்கெடுத்தார்கள். அதன் முதுகெலும்பு, கோடையில் வாரக்கணக்கில் நடந்த ஆசிரியர் முகாம். பிள்ளைகள் வகுப்பில் செய்யப்போகும் சோதனைகளை ஆசிரியர்கள் முதலில் தாங்களே செய்தார்கள். பக்கத்தில் உட்கார்ந்து விஞ்ஞானிகளும் செய்தார்கள். பள்ளி திறந்த பின் மாதந்தோறும் கூடி, எது எடுபட்டது, எது எடுபடவில்லை என்று பேசினார்கள். பாடநூல் அந்தப் பேச்சைக் கேட்டுத் திருத்தப்பட்டது. மாவட்டம் முழுவதும் பரவி 30 ஆண்டு நடந்த அந்தத் திட்டத்தை 2002இல் மாநில அரசு நிறுத்திவிட்டது. கிராமத்து நடுநிலைப் பள்ளி ஆசிரியரும் பாடநூலைத் திருத்தச் சொல்லத் தகுதியானவர் என்பதை அது அதற்குள் மெய்ப்பித்திருந்தது.

அதே டாடா ஆராய்ச்சி நிறுவனத்தின் ஒரு கிளையான ஹோமி பாபா அறிவியல் கல்வி மையம் 1974இல் பிறந்தது. தொடக்கத்தில் மாநகராட்சிப் பள்ளிக் கட்டடம் ஒன்றில்தான் அது இயங்கியது. பாடநூலின் கடினமான மொழியே பிள்ளைகளுக்கும் அறிவியலுக்கும் நடுவே சுவராக நிற்கிறது என்பதை அதன் தொடக்ககால ஆய்வுகள் எடுத்துக்காட்டின. இன்று அந்த மையம் இருப்பது மான்குர்தில், செம்பூர்க்காரர்கள் பஸ் ஏறினால் சற்று நேரத்தில் போய்விடலாம். தொடக்க வகுப்புகளுக்காக அங்கே உருவான 'ஸ்மால் சயன்ஸ்' நூல்களை எங்களில் பலர் இன்னும் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. இவ்வளவு பக்கத்தில் இருப்பது எங்கள் கைக்கு வராததற்குக் காரணம், கூடிப் பேச ஓர் ஏற்பாடு இல்லாததுதான்.

1990களில் மும்பைக் குடிசைப் பகுதிகளில் தொடங்கிய 'பிரதம்' அமைப்பு மாநகராட்சிப் பள்ளிகளில் நடத்திய 'பால்சகி' திட்டமும் நினைவுக்கு வருகிறது. மூன்றாம், நான்காம் வகுப்பில் பின்தங்கிய பிள்ளைகளுக்கு அதே வட்டாரத்து இளம்பெண்கள் அடிப்படை எழுத்தும் கணக்கும் சொல்லித் தந்தார்கள். மும்பையிலும் வடோதராவிலும் அதை ஆராய்ந்தவர்களில் அபிஜித் பானர்ஜியும் எஸ்தர் டுஃப்லோவும் இருந்தார்கள். பின்னாளில், 2019இல், இருவருக்கும் பொருளாதார நோபல் கிடைத்தது. பிள்ளைகளின் மதிப்பெண் தெளிவாக உயர்ந்தது என்பது 2007இல் வெளியான அவர்கள் ஆய்வின் முடிவு. வகுப்பு எண்ணைப் பார்க்காமல் பிள்ளை நிற்கிற இடத்திலிருந்து தொடங்கு என்ற பாடம் இந்த நகரத்துத் தெருக்களிலிருந்து உலகத்துக்குப் போனது. அது முதலில் எங்கள் வகுப்பறைகளுக்கு முழுதாக வர வேண்டாமா?

எங்கள் திட்டம் இதுதான். மே மாதத்தில் வாரம் மூன்று காலைப் பொழுதுகள் கூடுவோம். மாதத்தின் முதல் பாதியில் நோட்டுகள், பாடநூல்கள், மராத்தி, தகுதித் தேர்வுப் பாடங்கள். ஜூனில் பள்ளி திறப்பதற்கு முந்தின வாரங்களில், வர விரும்பும் சில பிள்ளைகளை வைத்துப் பாடம் நடத்திப் பார்ப்போம். ஒருவர் நடத்துவார், மற்றவர்கள் பின்னால் உட்கார்ந்து பிள்ளைகளைக் கவனிப்பார்கள், பிறகு எல்லோரும் பேசுவார்கள். ஜப்பானியத் தொடக்கப் பள்ளிகளில் நெடுங்காலமாக இருக்கிற வழக்கம் இது.

இனி உங்களிடம் கேட்பவை:

1. இடம். பத்துக்குப் பத்து கோலியில் குடும்பத்தோடு இருக்கிற ஆசிரியை சார்ட்டு விரிக்க எங்கே போவார்? விடுமுறையில் பள்ளிக் கட்டடமும் பூட்டியிருக்கும். சங்கங்கள், கோயில் நிர்வாகங்கள், தேவாலயங்கள், கல்யாண மண்டபம் வைத்திருப்பவர்கள் முகூர்த்தம் இல்லாத காலை வேளைகளில் ஒரு கூடம் தாருங்கள். மின்விசிறி, குடிதண்ணீர், ஒரு கரும்பலகை போதும்.

2. உங்கள் கைவேலை. தாராவியில் விடியுமுன் இட்லி அவித்துச் சைக்கிளில் நகரெங்கும் கொண்டுபோகிறவர்கள் இருக்கிறார்கள். ஒரு தட்டில் இத்தனை குழி, ஒரு கொப்பரையில் இத்தனை தட்டு, ஒரு கிலோ அரிசிக்கு இத்தனை இட்லி என்று அவர்கள் நாள்தோறும் போடுவது பெருக்கலும் வகுத்தலும்தான். தையல்காரர், தோல்வேலை செய்கிறவர், கும்பார்வாடாவில் மண்பாண்டம் செய்கிறவர் எல்லோரிடமும் பாடநூலில் இல்லாத கணக்கும் அறிவியலும் உண்டு. ஒரு காலைப் பொழுது வந்து எங்களுக்குச் செய்துகாட்டுங்கள். அதைப் பாடமாக்குவது எங்கள் பொறுப்பு.

3. மொழி. இங்கேயே பிறந்து வளர்ந்து மராத்தியில் நன்றாகப் பேசவும் எழுதவும் தெரிந்த தமிழர்கள் ஏராளம். அலுவலகத்தில் மராத்தியிலேயே காலம் கழித்தவர்களும் உண்டு. எங்களுக்கு மராத்தி சொல்லித்தாருங்கள். ஆங்கில உச்சரிப்பில் கைகொடுக்க மாதுங்காவின் கல்லூரி ஆசிரியர்கள் வரலாம். அணுசக்தி நகர், செம்பூர்ப் பகுதிகளில் இருக்கிற விஞ்ஞானிகளும் பொறியாளர்களும் எளிய சோதனைகள் செய்ய வரலாம்.

4. புத்தகம். சிறு பிள்ளைகளுக்கான தமிழ்ப் படக்கதைகள் மும்பையில் தேடினாலும் கிடைப்பதில்லை. ஊருக்குப் போகிறவர்கள் திரும்பும்போது பையில் இரண்டு புத்தகம் வைத்துக்கொள்ளுங்கள். அங்கே உறவில் தொடக்கப் பள்ளி ஆசிரியர் இருந்தால், தமிழ்நாட்டு அரசின் 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தில் அவர் பயன்படுத்தும் பயிற்சித் தாள்களை ஒரு பார்வை பார்த்து, படம் எடுத்து வாருங்கள். அச்சுப்பொறி வைத்திருப்பவர்கள் இலவசக் கதைத் தளங்களிலிருந்து அச்சிட்டுத் தரலாம்.

5. மாநகராட்சியில் ஒரு சொல். 2026 ஜனவரியில் நீங்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுத்த மாநகராட்சி உறுப்பினர்கள் இப்போது பதவியில் இருக்கிறார்கள். பயிற்சித் தேதிகளை முன்கூட்டியே அறிவிக்கவும், கணக்கெடுப்புப் பணியையும் பயிற்சியையும் ஒரே வாரத்தில் ஒருவர் தலையில் ஏற்றாமலிருக்கவும், பயிற்சிக் கையேடுகளைத் தமிழிலும் தரவும் அவர்களிடம் கேளுங்கள். ஆசிரியர் கேட்டால் கோரிக்கை மனு. பெற்றோர் கேட்டால் அதற்கு மதிப்பே வேறு.

"சம்பளம் வாங்குகிறவர்கள் தாங்களே படித்துக்கொள்ள வேண்டியதுதானே?" என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்வி. படிப்பது எங்கள் கடமை. அதற்கு நேரத்தையும் உழைப்பையும் நாங்கள் போடுகிறோம். கூடமும், கூடி உட்கார மனிதர்களும், இந்த வட்டாரத்தின் அறிவும் எங்கள் சம்பளத்தில் வாங்க முடியாதவை.

"தமிழ்வழிப் பள்ளியில் பிள்ளைகளே குறைகிறார்கள், இதெல்லாம் யாருக்கு?" என்றும் கேட்கலாம். பிள்ளைகள் காணாமல் போகவில்லை, ஆங்கிலவழிக்கு மாறியிருக்கிறார்கள். வீட்டில் அவர்கள் பேசுவது இன்றும் தமிழ்தான். ஆங்கிலத்தில் பாடம் கேட்டு, தெருவில் மராத்தி பேசி, அம்மாவிடம் தமிழில் சந்தேகம் கேட்கிற பிள்ளைக்குக் கற்பிக்க, ஆசிரியருக்கு முன்னைவிடக் கூடுதல் படிப்பு தேவை. அதனால்தான் இந்தக் கூட்டங்களுக்கு மராத்தி, இந்தி, உருது, ஆங்கிலவழி ஆசிரியர்களையும் அழைக்கிறோம்.

எங்கள் பக்கத்து உறுதிமொழியும் உண்டு. இது டியூஷன் வகுப்பாக மாறாது. கல்வி உரிமைச் சட்டமே ஆசிரியர்களின் தனிப் பயிற்சியைத் தடைசெய்கிறது. யாரிடமும் கட்டணமோ நன்கொடையோ வாங்க மாட்டோம். பிள்ளைகளின் பெயரோ படமோ வெளியே போகாது. ஒவ்வொரு கூட்டத்திலும் கற்றதை எழுதிவைத்து, கேட்கிற எந்தப் பள்ளிக்கும் தருவோம். கூடத்தைப் பெருக்கித் துடைத்துச் சாவியைத் திருப்பித் தருவோம்.

உதவ நினைப்பவர்கள் பள்ளி மூடுவதற்குள் உங்கள் பிள்ளை படிக்கும் பள்ளியின் தலைமையாசிரியரிடம் பெயரையும், தரக்கூடியது இடமா, நேரமா, புத்தகமா என்பதையும் சொல்லிவிடுங்கள். பள்ளியில் படிக்கும் பிள்ளை இல்லாதவர்கள் அருகிலுள்ள தொடக்கப் பள்ளியில் சொன்னாலும் போதும். இந்த ஆண்டு தாராவியில் ஒன்று, மாதுங்காவில் ஒன்று, செம்பூரில் ஒன்று என மூன்று கூடங்கள் கிடைத்தால் வேலையைத் தொடங்கிவிடுவோம். கூடம் தந்தவர்களும் தராதவர்களும் எந்த நாளும் உள்ளே வந்து, பின்வரிசையில் உட்கார்ந்து, உங்கள் பிள்ளைகளின் ஆசிரியர்கள் என்ன படிக்கிறார்கள் என்று பார்க்கலாம், கேள்வியும் கேட்கலாம்.

இவண்,
தாராவி, மாதுங்கா, செம்பூர் வட்டாரத் தொடக்கப் பள்ளி ஆசிரியர்கள், ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், பெற்றோர்
மும்பை