ஊர்ப் பொதுக்கூடம்

ஊரார் கூடும் இடத்தை நம் முன்னோர் பொதியில் என வழங்கினர். பொது, இல் என்னும் இரு சொற்களின் சேர்க்கை அது. எல்லார்க்கும் உரிய இல்லம் என்பது பொருள். இன்று சமுதாயக்கூடம் என்கிறோம். பெயர் மாறியதில் எனக்கு வருத்தம் இல்லை.

என் இளமையில் எங்கள் சிறுநகரின் கூடத்தில் வானொலிப் பெட்டி ஒன்றும் நாளிதழ்கள் இரண்டும் இருந்தன. எழுத்தறியாத முதியோர்க்கு அவற்றைப் படித்துக்காட்டும் பணி எனக்கு வாய்த்தது. ழகரத்தை நான் பிறழ ஒலிப்பின், ஏடறியா அம்முதியோரே இடைமறித்துத் திருத்துவர். வாய்க்கால் தூர்வாருவதும் திருவிழா ஏற்பாடும் ஆங்கே பேசி முடிவாயின. பூசல் எழுந்ததும் உண்டு. மறுநாள் மாலை பூசலிட்ட இருவரும் அதே திண்ணையில் அமர்ந்திருப்பர்.

இன்று அக்கூடம் திருமண நாள்களில் மட்டுமே திறக்கப்படுகிறது. வாடகையின்றிக் கட்டடத்தைச் செப்பனிடுவது எங்ஙனம் என வினவுவர். அது நேரிய வினாவே. வாடகை வேண்டாம் என நான் கூறேன். ஆயினும், மணநாள்கள் ஓராண்டில் எத்துணை? ஆடியிலும் மார்கழியிலும் பெரும்பாலும் மணம் நிகழ்வதில்லை. அப்பொழுதும் பூட்டுத் தொங்குவது ஏன்?

1931-ஆம் ஆண்டில் மன்னார்குடிப் பகுதியில் மாட்டுவண்டியில் நூல்களை ஏற்றி ஊரூராகக் கொண்டுசென்றனர். 1948-இல் சென்னை மாகாணத்தில் பொது நூலகச் சட்டம் இயற்றப்பட்டது. நூல்கள் மக்களை நாடிச் சென்ற நாட்டில், மக்கள் நாடிவரும் கூடத்தைப் பூட்டிவைத்தல் முறையாகுமோ?

முன்கூடத்தையேனும் மாலைதோறும் திறந்து, நாளிதழ் இரண்டு வாங்கி வைக்கலாம். திறவுகோலைக் காக்க ஆளில்லை என்பாரும் உளர். பள்ளி விட்டு அவ்வழியே செல்லும் மாணவர் இருவரிடம் அதனைக் கொடுத்துப் பார்க்கட்டும்.